பெண்ணாடம் பஸ்ஸில் போன திரௌபதி

எட்டரை மணி நாடகத்தை எழுதுகிறவன் யாரென்று அமிர்தத்துக்குத் தெரியாது. மெட்ராஸில் எங்கோ ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதுகிறான் என்று மட்டும் கேள்வி. ஆனால் அவன் எதிரே வந்து நின்றால் கேட்பதற்கென்று அவளிடம் மூட்டை மூட்டையாகக் கேள்விகள் இருந்தன. ஆற்றில் விழுந்து மூன்று வாரம் காணாமல் போனவள் திரும்பி வரும்போது நகப்பூச்சு கூடவா அழியாமல் இருக்கும்? மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை நாலு வருஷமாக மூன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறதே, வாத்தியார் ஒருத்தருமா கேட்க மாட்டார்? 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுவிட்டு வீட்டுக்காரனையே மாற்றிவிட்டார்கள். புது முகத்தோடு உள்ளே நுழைந்தவனை யாரய்யா நீ என்று கேட்காமல், பெண்டாட்டிக்காரி காபி ஆற்றிக் கொடுத்தாள். அமிர்தம் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அவள் கோபம் நியாயம்தானே?

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு கொட்டகையில் அமிர்தத்துக்கு வேலை. மண்கூழை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்தால் பொம்மை வெளியே வரும். இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில், தலையிலிருந்து கால்வரை ஒரு கோடு தடித்து நிற்கும். அதுதான் பிசிறு. சின்னக் கத்தியால் அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். பதினோரு பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து அதைச் செய்தார்கள். கண்ணுக்கும் கைக்கும்தான் அங்கே வேலை, காதும் வாயும் சும்மா கிடந்தன.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். கம்மாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிற பெண்களுக்கு எட்டு மணி ஆனால் போதும், ஊரே இருட்டு. டவுனுக்குள் பாலக்கரைப் பக்கம் இருந்த அமிர்தத்தின் தெருவுக்கு மட்டும் ஏனோ அந்த நேரத்தில் கரண்டு இருந்தது. அதனால் முதல் நாள் நாடகத்தை மறுநாள் காலையில் கொட்டகையில் சொல்வது அமிர்தத்தின் பொறுப்பாகிவிட்டது.

சும்மா சொல்ல மாட்டாள். எழுதுகிறவன் கோட்டை விட்ட இடத்தையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டி, அது எப்படி நடந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்வாள். வெயில் கூரைத் தகட்டில் ஏறும். மண்தூள் வெளிச்சத்தில் மிதந்துகொண்டே இருக்கும், கண்ணிமையில் கூட வெள்ளை படியும். அந்த வெள்ளைக்குள் நாடகத்து மாளிகை மெல்ல எழும்பி வரும். வளைந்து ஏறுகிற மாடிப்படி, நடுக்கூடத்து ஊஞ்சல், யாருமே சமைத்துப் பார்த்திராத பெரிய சமையலறை. அந்த வீட்டில் கொல்லைப்பக்கம் எங்கே என்பது வரைக்கும் அமிர்தத்துக்குத் தெரியும், எழுதுகிறவனுக்குத் தெரியுமோ என்னவோ. கை தன்பாட்டுக்குப் பிசிறு சீவ, பதினோரு பெண்களும் அந்த வீட்டு அறைகளில் காலாற நடந்துவிட்டு டீ நேரத்துக்குத் திரும்பி வருவார்கள். மேஸ்திரி சக்கரபாணி பலகைகளைச் சரிபார்க்கிற சாக்கில் தூணோரம் நின்று முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

ஒரு பந்தயமும் உண்டு. அமிர்தம் சொல்வதில் யாராவது பொருந்தாத இடம் ஒன்றைப் பிடித்துவிட்டால், பிடித்தவளுக்கு அமிர்தம் டீ வாங்கித் தர வேண்டும். மூன்று வருஷத்தில் இரண்டே டீதான் வாங்கித் தந்திருக்கிறாள். இரண்டையும் குடித்தது கம்மாபுரத்து அன்புக்கரசி. இருபத்தாறு வயசு, வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய வாய்.

அமிர்தத்துக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்திருப்பவள் அவள் தங்கை கமலம். இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே டிவி. அதனால் கமலத்துக்குக் கதை முன்பே தெரியும், ஆனாலும் அக்கா சொல்லும்போது புதுசாகக் கேட்பதுபோல் கேட்பாள். சிரிக்கிற இடத்தில் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். முன்பல் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். முப்பத்துநாலு வயசாகிறது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது இந்த உலகத்தில் அமிர்தம் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அமிர்தம் கட்டிக்கொண்டு போனவன் ஆறாம் வருஷமே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அடுத்தடுத்து அப்பாவும் அம்மாவும் போனார்கள். பதினாறு வயசுத் தங்கையை வைத்துக்கொண்டு, சூளை வேலைக்கும் போய், ஒரு குறையும் வைக்காமல் வளர்த்தாள். தெருவே அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. கமலத்துக்கு இருபது வயசாகும்போது பெண்ணாடத்திலிருந்து ஒரு இடம் விசாரித்து வந்தது. பையனுக்குக் கரும்பு ஆலையில் வேலை. நல்ல குடும்பம், சொல்வதற்கு ஒரு குறையுமில்லை. அதுதான் அமிர்தத்துக்குப் பயமாக இருந்தது. விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் தான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். கமலத்திடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெண்ணாடத்துக்குப் போனாள். பையனின் அத்தையைப் பார்த்து, பெண்ணுக்கு வலிப்பு நோய் உண்டு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த ஒரு இடத்தை மட்டும் தள்ளிவிட்டால் போதும், அடுத்த வருஷம் பக்கத்துத் தெருவிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் கணக்கு. ஆனால் சொன்ன வார்த்தை பெண்ணாடத்தோடு நிற்குமா? அதன் பிறகு விசாரிக்க வந்த எவரும் பெண் பார்க்க வரவில்லை. கமலம் வாயைப் பொத்திச் சிரிக்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான். பதினாலு வருஷமாக அந்தக் கை மேலே போகும்போதெல்லாம் அமிர்தம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் நாடகத்துக்காரன் தன் வேலையைக் காட்டினான். நாடகத்திலும் அக்கா தங்கைதான். அக்கா திரௌபதி, தங்கை ஜெயஸ்ரீ. இருநூறு நாளாக ஜெயஸ்ரீக்காக உயிரைக் கொடுத்து வந்த திரௌபதி, என்றைக்கோ தங்கைக்கு வந்த வரனைத் தானே கெடுத்தவள் என்று ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று காட்டினார்கள். மறுநாள் கொட்டகையில் அமிர்தம் ஆடிய ஆட்டத்தில் சக்கரபாணியே இரண்டடி பின்னால் போய்விட்டார். இருநூறு நாள் ஒருத்தியை நல்லவளாகக் காட்டிவிட்டு ஒரே நாளில் கெட்டவளாக்குவதா, வளர்த்த கை விஷம் வைக்குமா, எழுதுகிறவனுக்கு அக்கா தங்கை கிடையாதா என்று கேட்டாள். குரல் அளவுக்கு மீறி உயர்ந்தது அவளுக்கே தெரிந்தது.

எல்லாரும் தலையாட்டினார்கள். அன்புக்கரசி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நல்லவங்கதான்க்கா இப்பிடிச் செய்வாங்க, கெட்டவங்களுக்குத் தங்கச்சி போனா என்ன, இருந்தா என்ன என்றாள். அமிர்தம் பொம்மையைச் சீவினாள். அது ஒரு யானைப் பொம்மை, தும்பிக்கை கையோடு வந்துவிட்டது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, மாடிப்படியில் திரௌபதி ஜெயஸ்ரீயை நிறுத்தி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். அதோடு தொடரும் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கொட்டகையில் வேறு பேச்சே இல்லை. அன்று சாயங்காலம் அக்காளும் தங்கையும் சீக்கிரமே சமைத்து வைத்துவிட்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்தார்கள். எட்டு இருபத்தெட்டுக்குக் கரண்டு போனது. பாலக்கரைப் பக்கத்துக்கும் முறை வந்துவிட்டது என்று தெருவில் யாரோ சொன்னார்கள். திரும்பி வந்தபோது மணி ஒன்பதரை. அந்த ஒரு மணி நேரமும் அமிர்தம் இருட்டில் விசிறிக்கொண்டே அந்த மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். திரௌபதி என்ன சொல்லியிருப்பாள், எந்த வார்த்தையில் ஆரம்பித்திருப்பாள் என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினாள்.

சனிக்கிழமை காலையில் பதினோரு பலகையும் தயாராக இருந்தன. கரண்டு போய்விட்டது, பார்க்கவில்லை என்று சொல்லத்தான் அமிர்தம் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தாள். ஆனால் பத்து முகமும் வெள்ளைத் தூளோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, இருட்டில் ஏறி இறங்கிய படிகள் இன்னும் கண்ணுக்குள் நின்றன. திரௌபதி படியிலேயே உட்கார்ந்தாள் என்று ஆரம்பித்துவிட்டாள். நேற்றுப் பாலக்கரையிலும் கரண்டு இல்லை என்று தெரிந்தவள் கமலம் ஒருத்திதான். அக்கா கதை விடப்போகிறாள் என்று கமலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திரௌபதி தங்கையையும் பக்கத்தில் உட்கார வைத்தாள் என்றாள் அமிர்தம். உன்னைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வராமல் போனதற்குக் காரணம் நான்தான் என்று சொன்னாளாம். அன்றைக்கு ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒன்பது மணி பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றதில் பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. அங்கேயே இறங்கித் திரும்பி நடந்திருக்கலாம், இறங்கவில்லை. பையனின் அத்தை வீட்டில் போய்ப் பெண்ணுக்கு வலிப்பு என்று சொன்னாள். அந்த அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்து, இந்தக் காலத்தில் இப்படி உண்மையைச் சொல்கிற மனுஷி உண்டா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மோரைத் திரௌபதி முழுசாகக் குடித்துவிட்டு வந்தாள்.

கொட்டகையில் ஒரு கத்தி கூட ஓடவில்லை. ராஜம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்து மூஞ்சியெல்லாம் மண்ணாக்கிக்கொண்டாள். அவள் அங்கே எல்லாருக்கும் மூத்தவள், நாடகத்துக்கு முதலில் அழுவதும் அவள்தான். அன்புக்கரசி மட்டும் புருவத்தைச் சுருக்கினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் இருங்க. அவங்க வூட்டுல நாலு காரு நிக்குது. திரௌபதி எதுக்குக்கா பஸ்ஸுல போவுறா? அதுவும் நம்ம பெண்ணாடம் பஸ்ஸு மாதிரி கரும்பு டிராக்டருக்கு நிக்கிற பஸ்ஸுல? டீ வாங்கித் தரணும் நீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எப்போதும் உடனே வழக்காடுகிற அமிர்தம், ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். சிரிப்பு ஒவ்வொரு பலகையாக அடங்கியது. பக்கத்தில் கமலத்தின் கை வாயிலிருந்து எப்போதோ இறங்கி, மடியில் கிடந்தது.

"கெடக்குது டீ," என்றாள் ராஜம்மாள். "தங்கச்சிக்காரி என்ன சொன்னா, அத சொல்லு அமிர்தம்."

எல்லாவற்றையும் யோசித்தவளுக்கு இருட்டில் ஜெயஸ்ரீயின் முகம் மட்டும் தெரிந்திருக்கவில்லை.

"அவ ஒண்ணும் சொல்லலைங்க," என்றது ஒரு குரல். கமலம்தான். கதை நேரத்தில் கமலம் பேசி யாரும் கேட்டதில்லை. பொம்மையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவளுக்கு மொதல்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு."

அது எப்படி என்று இரண்டு மூன்று பேர் ஒன்றாகக் கேட்டார்கள்.

"இத்தினி வருஷமா தங்கிட்டதான் ஏதோ குறைன்னு நெனச்சிக்கிட்டு கெடந்தா. பல்லு சரியில்ல, மூஞ்சி சரியில்லன்னு கண்ணாடி பாக்கறதயே வுட்டுட்டா. அதெல்லாம் இல்லன்னு இப்பதான தெரியுது. கோவம் இன்னும் வரல. வரும்போது சொல்லுவா."

அன்புக்கரசி கையிலிருந்த பொம்மையைப் பலகையில் வைத்தாள். பிறகு, இது பொருந்துகிறது, உடனே காலில் விழுந்து அழுதிருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும், இந்த ஒரு நாளாவது எழுதுகிறவன் புத்தியோடு எழுதியிருக்கிறான் என்று தீர்ப்புச் சொன்னாள். டீயைக் கூட மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கமலம் தலைக்குக் குளித்தாள், தோசைக்கு அரைத்தாள், அக்காவுக்கு முதலில் சுட்டுப் போட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் கூடத் தேவலாம் என்று இருந்தது அமிர்தத்துக்கு. மத்தியானம் கண் அசந்தபோது அந்த மாளிகையில் நடந்துகொண்டிருந்தாள். எல்லா அறையும் திறந்திருந்தன, எல்லா அறையிலும் கரும்பு வாசம் அடித்தது. யாரையோ கூப்பிட்டுக்கொண்டே போனாள், கூப்பிட்ட பெயர் என்னவென்று விழித்த பிறகு நினைவில்லை.

திங்கள்கிழமை எட்டரைக்குக் கரண்டு இருந்தது. இரண்டு பேரும் பார்த்தார்கள். நாடகத்தில் திரௌபதி இன்னும் அதே படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள் மறுபடியும். போன் அடித்தது, போய்விட்டாள். ஒன்றையுமே சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் இதை எப்படிச் சமாளிப்பது? அமிர்தம் ராத்திரியெல்லாம் யோசிக்கவில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள். சனிக்கிழமை சொன்னதெல்லாம் திரௌபதி கண்ட கனவாம், நிஜத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லையாம் என்றாள். கொட்டகையே எழுதுகிறவனைப் பிடித்து வெளுத்து வாங்கியது. இப்படித்தான் காதில் பூச்சுற்றுவான், சொல்வதைச் சொல்லிவிட்டுக் கனவு என்பான், கேட்கிறவர்கள் கேனைகளா என்று அன்புக்கரசி பொரிந்தாள். பஸ்ஸில் போனதற்குக் காரணம் இப்போதுதான் விளங்குகிறது, கனவில் கார் ஏது என்றாள் ராஜம்மாள். அமிர்தமும் சேர்ந்து சிரித்தாள். மூன்று நாளாகக் கனத்துக் கிடந்த நெஞ்சு லேசானது. சொன்னது சொல்லாததாகிவிட்டது, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

கமலம் எழுந்தாள். தன் பலகையை எடுத்துக்கொண்டு போய் எதிர் வரிசையில், கடைசி இடத்தில் உட்கார்ந்தாள். வெளிச்சம் போதவில்லை என்று சக்கரபாணியிடம் சொன்னாள். உண்மையில் அந்த இடத்தில்தான் வெளிச்சம் குறைவு.

வீட்டுக்கு நடக்கும்போது தங்கை நாலு அடி முன்னால் போனாள். அமிர்தம் எட்டிப் பிடிக்கவில்லை. உள்ளே வந்து கைகால் கழுவினார்கள். வாசலில் இன்னும் வெயில் இருந்தது. கமலம் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கோவம் வந்திருச்சுக்கா."

அமிர்தம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நீ செஞ்சது தெரிஞ்சப்ப கூட வரல. தனியா பயந்துக்கிட்டு இருந்திருப்பன்னு நெனச்சேன். எனக்கும் அந்த பயம் இருக்குது. ஆனா சொல்லிட்டு, அப்புறம் கனவுன்னுட்டியே. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச."

அமிர்தம் கொட்டகையில் எத்தனையோ பேருக்கு வழக்காடியவள். திரௌபதிக்காக, ஜெயஸ்ரீக்காக, ஆற்றில் விழுந்தவளுக்காக. இப்போது தனக்காகச் சொல்ல ஒன்றும் தேடவில்லை. தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கனவு இல்ல கமலம். நாந்தான் போனேன். நாந்தான் சொன்னேன்."

கமலம் அதைக் கேட்டுக்கொண்டாள். தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது, குடங்கள் ஓடின. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அவரு பேரு என்ன?" என்றாள் கமலம்.

"சாமிதுரை."

கமலம் அந்தப் பெயரை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அழுதாள். வாயைத் திறந்து, தெருவுக்குக் கேட்கிறபடி, முப்பத்துநாலு வயசுப் பெண்ணென்ற நினைப்பே இல்லாமல் அழுதாள். அமிர்தம் கண்ணைத் துடைத்துவிடக் கையை நீட்டினாள். கமலம் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். அமிர்தம் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.